ரேட்ஸ்பேன் தீர்ந்துபோச்சு

அக்டோபர் 3, புதன்

மழை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஓர் எலி என்னைப் பார்த்தது. பயப்படவில்லை. வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரனைப் போல நிதானமாக உள்ளே போனது.

குன்னூரில் மழை பிடித்துவிட்டால் எலிகள் வீடுகளுக்குள் குடிவரும், வீட்டுக்காரர்கள் என் கடைக்கு வருவார்கள். ஆணி, பூட்டு, பெயிண்ட், கயிறு, மழைக்குக் குடை விற்கிற கடைதான். ஆனால் கார்த்திகை வரைக்கும் ஊருக்கு நான் எலிக்கடைக் கிட்டுசாமி.

பெரிய மனிதர்கள் எல்லோரும் டைரி எழுதுவார்கள் என்று பத்தாம் வகுப்பில் வாத்தியார் சொன்னார். அந்த வகுப்பில் இரண்டு வருடம் இருந்ததால் இரண்டு முறை கேட்டேன். அதனால்தான் பெயிண்ட் கம்பெனிக்காரன் வருடாவருடம் கொடுக்கிற டைரியை வீணாக்குவதில்லை.

இந்தக் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தில் மருந்துக்கடை. அவன் விட்டுப்போன அலமாரி இன்னும் இருக்கிறது. சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பீங்கான் வில்லையில் இங்கிலீஷ் எழுத்து. எல்லாம் தேய்ந்துவிட்டன, கீழ்வரிசையில் ஒன்றைத் தவிர: ரேட்ஸ்பேன். பல வருடம் அதற்குள் திருகாணி வைத்திருந்தேன். போன வருடம் கோகிலா பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்ததும் அதைப் படித்துவிட்டுக் குதித்தாள். "அப்பா, இது எலி விஷத்தோட பழைய பேரு! இப்ப இங்கிலீஷ்காரங்களே இதைச் சொல்றதில்ல."

யாருக்கும் தெரியாத வார்த்தை என்றால் வியாபாரத்துக்கு உதவுமே என்று பட்டது. அன்றிலிருந்து அதுதான் எங்கள் குழூஉக்குறி. எலி மருந்து கேட்டு வருகிறவர் முகம் சரியில்லை என்றால், முன்னால் நிற்கிறவர் உள்ளே பார்த்து "ரேட்ஸ்பேன் இருக்குதா?" என்று கத்த வேண்டும். உள்ளே இருக்கிறவர் "தீர்ந்துபோச்சு!" என்று கத்த வேண்டும். வந்தவரிடம் சரக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். உங்கள் முகம் சரியில்லை என்று சொல்லிச் சண்டை வாங்க வேண்டியதில்லை.

எதற்கு இவ்வளவு என்று கோகிலா கேட்டபோது, ஆபீசர்கள் தொல்லை, சட்டம் கடுமை என்றேன். என் மனைவி மரகதம் அங்கேதான் நின்றிருந்தாள். திருகாணிகளை வேறு இழுப்பறைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.


அக்டோபர் 5, வெள்ளி

இன்று நான்கு பேர் கேட்டார்கள். மூன்று பேர் தேறினார்கள். ஒருவருக்கு ரேட்ஸ்பேன் தீர்ந்துபோச்சு.

டீ எஸ்டேட்டிலிருந்து வந்த ஒருவரைக் கொஞ்சம் அதிகமாகவே விசாரித்துவிட்டேன்.

"எத்தனை எலிங்க?"

"எண்ணலீங்க. நிக்க மாட்டேங்குதுங்க."

"சுண்டெலியா, பெருச்சாளியா? வாலு நீளமா?"

"ஏனுங்க, மருந்து விக்கறீங்களா, எலிக்கு ஜாதகம் பாக்கறீங்களா?"

"அதை விடுங்க. நேத்து வீட்ல என்ன கொழம்பு?"

"கத்திரிக்கா. உப்புக் கம்மி. ஏன், உங்க வீட்ல சோறாக்கலியா?"

பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டேன். நேற்று என்ன குழம்பு என்பதும், அதில் உப்புக் குறைவு என்பதும் ஞாபகம் இருக்கிறவன் நாளைக்கும் இருப்பான். இது என் சொந்தச் சித்தாந்தம். எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் எந்தப் புத்தகத்தையும் படிக்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது.


அக்டோபர் 7, ஞாயிறு

கடை லீவு. பொறிகளுக்கு எண்ணெய் போட்டேன். விரல் மாட்டிக்கொண்டது. எலி பார்த்திருந்தால் சிரித்திருக்கும்.


அக்டோபர் 9, செவ்வாய்

கோயமுத்தூருக்குச் சரக்கெடுக்கப் போய்விட்டு சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தேன். இரண்டு குடையும் பெயிண்டும் விற்றதைச் சொல்லிவிட்டு, கோகிலா கடைசியில் சொன்னாள்: "ஒரு எலி மருந்தும் போச்சுப்பா."

"யாருக்குக் கண்ணு?"

"மேல் ரோட்ல ஓவர்சியர் வீட்டு மாடிக்குப் புதுசா வந்திருக்காங்களே, ஜெசிந்தா மேடம். காலேஜ்ல இங்கிலீஷ் லெக்சரரா இருந்தவங்க."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் வாட்டமாத்தான் இருந்துச்சு. அதனாலதான் அம்மாகிட்ட 'ரேட்ஸ்பேன் இருக்குதா'ன்னு கத்துனேன். அந்த மேடம் பக்குன்னு சிரிச்சுட்டாங்க. 'இந்த வார்த்தையைக் காதால கேட்டு முப்பது வருஷமாச்சும்மா, குன்னூர்ல கடைத்தெருவுல கேக்கறேனே'ன்னாங்க. எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. அம்மா உள்ள இருந்து 'தீர்ந்துபோச்சு'ன்னு கத்தறாங்க, மேடம் அந்த இழுப்பறையையே பாத்துட்டு நிக்கறாங்க. பொறவு எப்படிப்பா இல்லைன்னு சொல்றது?"

"அதனால குடுத்துட்ட."

"அவ்வளவு நல்லாச் சிரிச்சாங்கப்பா! அந்த வார்த்தை தெரிஞ்சவங்க நம்ம ஆளுப்பா. அவங்களைப் போயி சந்தேகப்படறதா?"

தவறு கோகிலாவுடையது இல்லை. குறியைக் கண்டுபிடித்தவர் நம்மவர் என்று குழந்தை நினைத்துவிட்டது. நான் முகத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். சிரிக்கிற முகத்தை என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், மரகதத்தின் தம்பி எலி மருந்து தின்று இறந்துபோனான். முப்பத்தெட்டு வயது. எந்தக் கடையில் வாங்கினானோ என்று ஊரே பேசியது. நானும் கூட நின்று பேசினேன்.


அக்டோபர் 10, புதன்

குடை விற்கிற சாக்கில் மேல் ரோட்டுக்குப் போய் ஓவர்சியர் வீட்டம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

ஜெசிந்தா மேடத்துக்குக் கல்யாணமாகவில்லை. ஊட்டியில் அம்மாவோடு இருந்தவர். அம்மாவைப் பார்த்துக்கொள்ளவே வேலையை முன்னதாக விட்டிருக்கிறார். ஆகஸ்டில் அம்மா தவறிவிட்டார். தூத்துக்குடியில் ஒரு தங்கை. மேடத்தைத் தேடி வீட்டுக்கு யாரும் வந்து பார்த்ததில்லை.

"மாடியில எலித் தொந்தரவுங்களா?" என்றேன்.

"எலியா? எங்க வீட்லயா? மூணு பூனை வெச்சிருக்கறனுங்க. எலி பாத்து ரெண்டு வருசமாச்சு. இதுக சோத்துக்கு வழியில்லாம மீன்காரன் பின்னால போகுதுக."

மூன்று பூனைகளும் படிக்கட்டில் உட்கார்ந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தன. நான் மாடியைச் சந்தேகமாகப் பார்த்தேன்.


அக்டோபர் 11, வியாழன்

ஓர் எலிப்பொறியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மருந்து வாங்கினவர்களுக்கு மழைக்காலச் சலுகையாகப் பொறி இலவசம் என்று சொன்னேன். அப்படி ஒரு சலுகையை இந்தியாவிலேயே யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மேடத்துக்கு ஐம்பது, ஐம்பத்திரண்டு இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். "நீங்கதான் ரேட்ஸ்பேன்காரரா?" என்று சிரித்தார். பொறியை எங்கே வைப்பது என்று பார்க்கிற மாதிரி எல்லா இடத்தையும் பார்த்தேன். இருபது வருட அனுபவம். எலி இருந்தால் சுவரோரம் எண்ணெய்ப் பிசுக்குத் தெரியும், மூலையில் புழுக்கை கிடக்கும், குளியலறையில் சோப்பு கடிபட்டிருக்கும். சோப்பை எடுத்தே பார்த்தேன். முழுச் சோப்பு, பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எலியை எங்க பாத்தீங்க மேடம்?"

"இங்கேதான். அங்கேயும் இங்கேயும்."

"எத்தனை இருக்கும்?"

"ஒண்ணுதான்."

கையிலிருந்த பொறியைக் கீழே வைத்தேன்.

"நேத்து என்ன கொழம்பு வெச்சீங்க மேடம்?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "நேத்தா? ஞாபகம் இல்லையே" என்றார்.

புத்தகங்கள் எல்லாம் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. என் கடைக் கயிறு.


அக்டோபர் 12, வெள்ளி

பால்காரர் சொன்னார்: மாடி வீட்டில் பதினெட்டாம் தேதியிலிருந்து பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.


அக்டோபர் 13, சனி

மறுபடி மேலே போனேன். பொறி விழுந்ததா என்று கேட்க. விழவில்லை. கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, மருந்தைத் திருப்பிக் கொடுங்கள், அது பழைய சரக்கு, எலி சாகாது என்று சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்லை, இருக்கட்டும்" என்றார். இருக்கட்டுமாம்.

இறங்கி வந்தால் கடையில் மரகதம்.

"ஏனுங்க, எங்க போயிட்டு வர்றீங்க?"

"சும்மா. மேல் ரோட்ல ஒரு பூட்டு ரிப்பேரு."

"அந்த லெக்சரரம்மா வீட்டுப் பூட்டுங்களா? ஓவர்சியர் வீட்டம்மா சொல்லுச்சு. மூணு நாளு போயிருக்கீங்க. முட்டி வலின்னு கோயில் படி ஏற மாட்டீங்க. அந்த மாடிப்படி மட்டும் வலிக்கறதில்லையாட்ட இருக்குது."

"மரகதம், இந்த மூஞ்சியை ஒரு லெக்சரர் பார்ப்பாளா?"

"நான் பாத்தனே" என்றாள். சிரிக்கவில்லை.

நான் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் இவ்வளவு பயம் என்பாள். ஏன் பயம் என்று சொன்னால் அவள் தம்பியைப் பற்றிப் பேச வேண்டும். அதைவிட, ஐம்பத்தாறு வயதில் பொம்பளைப் பின்னால் சுற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும்.


அக்டோபர் 15, திங்கள்

பழைய பேப்பர்காரன் வண்டியில் ஏழு கட்டுப் புத்தகம். கயிற்றைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "சும்மாவே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்கண்ணா" என்றான் சந்தோஷமாக.

மரகதம் என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்தது.


அக்டோபர் 17, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

நாளைக்குப் பதினெட்டு. காலையில் அடுப்படிக்குப் போய் மரகதத்திடம் சொல்லிவிட்டேன். எலியில்லாத வீடு, மூன்று பூனைகள், பால், புத்தகம், எல்லாம்.

"இதுக்கா மூணு தரம் மலையேறினீங்க?" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் குறைந்தது. "வாயைத் தொறந்து கேட்டுப்போட்டிருந்தா ஆச்சு."

"கேட்டாச் சொல்ல மாட்டாங்க மரகதம். சிரிப்பாங்க. சிரிச்சுட்டே வாங்கறவங்களை எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

மூன்று வருடமாக இந்த டைரியிடம்கூடச் சொல்லாததை அங்கே, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். அன்றைக்கு அவள் தம்பி என் கடைக்குத்தான் வந்தான். எலி மருந்து கேட்டான். "எத்தனை எலி மாப்ளே?" என்று நான்தான் தமாஷ் பண்ணினேன். "ஒண்ணுதான் மாமா. ஆனா பெருசு" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். நானே மடித்துக் கொடுத்தேன். அக்கா வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு என்று சொல்லிவிட்டுப் போனான்.

மரகதம் அடுப்பை அணைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"தம்பி நாச்சிமுத்து பையில அந்தப் பொட்டலக் காகிதம் இருந்துச்சு. கோகிலாவோட பழைய கணக்கு நோட்டுத் தாளு. என்ற புள்ள எழுத்து எனக்குத் தெரியாதுங்களா? போலீசுக்காரரு வர்றதுக்கு முன்னாலயே அடுப்புல போட்டுட்டேன்."

அணைந்த அடுப்பையே பார்த்தேன். பிறகு கேட்டேன். "மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

இவள் என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று நான் மூன்று வருடம் சந்தேகப்பட்டிருக்கிறேன். குழம்பில் உப்புக் கூடினால்கூட அதில் அர்த்தம் தேடியிருக்கிறேன்.

"அந்தம்மா வீடு எது, பச்சை கேட்டா?" என்றாள். குடையை எடுத்தாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வந்து சோப்பைப் பாத்தது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்தரைக்குப் போனவள். நான் கடையில் உட்கார்ந்து இரண்டங்குல ஆணி கேட்டவருக்குத் திருகாணி கொடுத்தேன். கொக்கி கேட்டவருக்குக் குடை கொடுத்தேன். கோகிலா என்னைத் தள்ளிவிட்டு அவளே நின்றாள். அவளிடமும் எல்லாம் சொன்னேன். "நான் கேட்டேன்ல, எதுக்கு இந்தக் குறின்னு" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பூட்டு வியாபாரம் பார்த்தாள்.

இரண்டரைக்கு மரகதம் வந்தாள். கையில் பொட்டலம். மடித்த மடிப்பு கலையவில்லை. கல்லாப்பெட்டி மேல் வைத்தாள்.

"சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால வெச்சிருந்துச்சு."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் உபதேசம் பண்ணலீங்க. அந்தம்மா காப்பி போட்டுக் குடுத்துட்டு, எலி வெவகாரமான்னு சிரிச்சுது. என்ற தம்பியும் நல்லாத்தான் சிரிச்சானுங்கன்னேன். அன்னிக்கு மத்தியானம் ரெண்டாந்தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டானுங்க, 'இன்னிக்கு ரசம் சூப்பர்க்கா'ன்னு சொல்லீட்டுப் போனானுங்க, அதனால உங்க சிரிப்பை நான் நம்பறதில்லீங்கன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தம்மா சிரிக்கறதை நிறுத்துச்சு. ரொம்ப நேரம் ஆச்சு நிறுத்தறதுக்கு. பொறவு எந்திரிச்சுப் போயி எடுத்துட்டு வந்து குடுத்துச்சு. தூத்துக்குடித் தங்கச்சிக்கு என் முன்னாலயே போன் போட வெச்சேன். சாயங்காலப் பஸ் ஏறுது. அது வர்ற வரைக்கும் ஓவர்சியர் வீட்டம்மாவை மேல உக்காத்தி வெச்சிருக்கேன். இப்பச் சோத்தைப் போட்டு எடுத்துட்டு நானும் போறேன்."

உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "ரசத்தை நல்லாருக்குதுன்னு சொன்னவனை நானுந்தான் வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வெச்சேன். எனக்கும் தெரியலீங்க" என்றாள்.

என் குழம்புச் சித்தாந்தத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.


அக்டோபர் 18, வியாழன்

ஆயுத பூஜை. தராசு, சுத்தியல், எலிப்பொறி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். காலையில் மேல் ரோட்டில் ஒரு ஆட்டோ நின்றது, கண்ணாடி போட்ட ஓர் அம்மா பையோடு இறங்கி மாடிக்கு ஓடினார் என்று கோகிலா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஓடினார் என்பதை இரண்டு முறை சொல்லச் சொன்னேன்.

பால்காரரைப் பிடித்து, மாடி வீட்டுக்குப் பாலை நிறுத்தாதே, ஒரு லிட்டராகக் கொடு என்றேன். நீ யார் அதைச் சொல்ல என்பது போலப் பார்த்தார். பார்க்கட்டும்.


அக்டோபர் 20, சனி

பதினொரு மணிக்கு ஜெசிந்தா மேடம் கடைக்கு வந்தார். பின்னால் குடையோடு தங்கை. நான் வணக்கம் சொல்ல எழுந்தேன். அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"யார் கொடுத்தது உங்களுக்கு உரிமை? ஒரு வீட்டுக்குள்ள வந்து குளியலறை சோப்பை எடுத்து மோந்து பார்க்கறதுக்கு?"

"மோந்து பாக்கலீங்க மேடம். திருப்பித்தான் பாத்தேன்."

"பேசாதீங்க! என் பாலை நிறுத்தவோ கொடுக்கவோ நீங்க யாரு? என் சமையல்கட்டுல உங்க மனைவி, என் வாசல்ல ஓவர்சியர் மனைவி, இப்போ இவ! கதவைச் சாத்த விட மாட்டேங்கறா. ராத்திரி மூணு தடவை எழுப்பி, 'அக்கா, தூங்கறியா?'ன்னு கேக்கறா. திங்கட்கிழமை கோயமுத்தூர்ல டாக்டராம். நான் கேட்டேனா? உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்லீங்க மேடம்."

தமிழ் போதாமல் இங்கிலீஷுக்குப் போனார். அது எங்கள் கடை இங்கிலீஷ் இல்லை. பெரிய பெரிய வார்த்தைகள். எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். கொக்கி வாங்க வந்தவர் கொக்கியை மறந்துவிட்டுக் கேட்டார். எனக்கு இரண்டு வார்த்தைதான் புரிந்தது, இரண்டும் என்னைப் பற்றியவை. கோகிலாவுக்கு எல்லாம் புரிந்தது. முகம் சிவந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் சும்மா இரு என்றேன்.

மூச்சு வாங்க நிறுத்தினார். மரகதம் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. மாடியில் பார்த்த ஆள் மாதிரியே இல்லை. இன்று ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை.

கால்மணி நேரம். கடைத்தெரு முழுக்கப் பார்க்க, பத்தாம் வகுப்பில் இரண்டு வருடமும் சேர்த்து வாங்கியதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு, கையைக் கட்டி நின்றேன். இன்னும் கொஞ்சம் திட்ட மாட்டாரா என்றிருந்தது.

மாப்ளே நாச்சிமுத்து, நீயும் ஒருநாள் இந்த வாசலில் நின்று என்னை இப்படித் திட்டியிருக்கலாம்.